ஃபார்மெட் போடுவதற்கு முன்: சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகாவிட்டால் எங்கே பார்ப்பது

போன வருடம் குறுவை அறுப்பு முடிந்த சமயம், மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கணினியைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு நீடாமங்கலத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். உரக்கடை வைத்திருக்கிறார். கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்யப் பார்த்திருக்கிறார், எரர் வந்திருக்கிறது, சொந்தக்காரப் பையன் ஒருவன் "மாமா, ஃபார்மெட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி அன்று ராத்திரியே போட்டும் விட்டான். ஃபார்மெட் போட்ட பிறகும் அதே எரர். ஆனால் அதற்குள் ஐந்து வருடக் கணக்கும், இறந்துபோன அவர் அம்மாவின் படங்களும் போய்விட்டன. நான் திறந்து பார்த்தபோது கணினியின் தேதி 2011 ஜனவரி என்று காட்டியது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சிறு பேட்டரி இருக்குமே, அது தீர்ந்திருந்தது. அதை மாற்றி, தேதியைச் சரிசெய்ததும் அந்த சாஃப்ட்வேர் முதல் முயற்சியிலேயே இறங்கியது. "படமெல்லாம் திரும்பக் கிடைக்குமா தம்பி" என்று அவர் கேட்டார். கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில் இன்ஸ்டால் ஆகவில்லை என்றாலே ஃபார்மெட் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. என் கடைக்கு இந்தப் புகாரோடு வரும் கணினிகளில் மிகச் சிலவற்றுக்குத்தான் அது தேவைப்படுகிறது. மற்றதெல்லாம் பத்துப் பன்னிரண்டு காரணங்களுக்குள் அடங்கிவிடும், வீட்டில் உட்கார்ந்து நீங்களே பார்க்கக்கூடியவை. விண்டோஸை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், லினக்ஸ் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம்.

முதல் வேலை, வந்த எரரைப் படிப்பது. சிரிக்காதீர்கள், பத்தில் எட்டுப் பேர் படிப்பதில்லை, பெட்டி வந்தவுடன் ஓகே அழுத்தி மூடிவிட்டு "ஏதோ எரர் வந்தது அண்ணே" என்றுதான் சொல்கிறார்கள். ஏதோ எரர் என்றால் டாக்டரிடம் போய் எங்கேயோ வலிக்கிறது என்று சொல்வது போலத்தான். மூடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். பெரும்பாலான எரர் பெட்டிகளில் இன்னொரு வசதியும் உண்டு: பெட்டி திறந்திருக்கும்போதே கன்ட்ரோல் கீயோடு சி அழுத்திவிட்டு நோட்பேடில் பேஸ்ட் செய்தால் அதிலுள்ள எழுத்து முழுவதும் அப்படியே வந்துவிடும். எண் ஏதாவது இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பாதி விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது.

எண்களில் அடிக்கடி வருபவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1618 என்று வந்தால் வேறொரு இன்ஸ்டால் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும், பத்து நிமிடம் பொறுங்கள், அப்படியும் விடவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். 1619, 1620 இரண்டும் செட்அப் ஃபைலையே திறக்க முடியவில்லை என்பது, அதாவது டவுன்லோட் பாதியில் நின்றிருக்கலாம் அல்லது ஃபைல் கெட்டிருக்கலாம். 1633 வந்தால் அந்த சாஃப்ட்வேர் உங்கள் கணினியின் பிராசஸர் வகைக்கானது இல்லை. 1638 என்றால் அதே சாஃப்ட்வேரின் வேறொரு பதிப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 3010 வந்து பயந்து ஓடி வந்தவர்கள் உண்டு, ஆனால் அது எரரே இல்லை, வேலை முடிந்தது, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய் என்று சொல்கிறது. அப்புறம் 1603. இது ஒரு பொதுப் பெயர், காய்ச்சல் என்பது மாதிரி, எதனால் என்று தானாகச் சொல்லாது. அதற்குத் தனியாகக் கீழே ஒரு வழி சொல்கிறேன்.

எண் எதுவும் இல்லாமல் வாக்கியமாக மட்டும் வந்தாலும் சரி, கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள். சுலபமானதிலிருந்து தொடங்குகிறேன்.

தேதி. டாஸ்க்பாரின் வலது மூலையில் பாருங்கள். நாளும் மாதமும் சரியாக இருந்து வருடம் மட்டும் தவறாக இருப்பதும் உண்டு, அது கண்ணில் படாது. இப்போதைய சாஃப்ட்வேர்கள் இணையத்தில் பேசும்போதும் தம் கையொப்பத்தைச் சரிபார்க்கும்போதும் டிஜிட்டல் சான்றிதழின் (இது உண்மையானதுதான் என்று உறுதிசொல்லும் சான்று) தொடக்க நாளையும் முடிவு நாளையும் கணினியின் தேதியோடு ஒப்பிடுகின்றன. கணினி 2011ல் நின்றுகொண்டிருந்தால் 2024ல் கொடுத்த சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் ஏற்றுக்கொள்ளாது. இணையத்தோடு இணைந்தால் விண்டோஸ் தானே திருத்திக்கொள்ளும் என்று நம்பியிருக்காதீர்கள், வித்தியாசம் வருடக்கணக்கில் இருக்கும்போது பல நேரம் அது திருத்துவதில்லை, நீங்கள்தான் கையால் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை சுவிட்சை அணைத்துப் போட்டதும் தேதி பின்னால் போனால் அந்தச் சிறு பேட்டரி போய்விட்டது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வகைதான், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மின்சாரமே இல்லாமல் நாட்கணக்கில் கிடக்கும் கணினிகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீரும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு வாரக்கணக்கில் கரண்டு இல்லாத ஊர்களிலிருந்து, லைன் வந்த கையோடு என்னிடம் வந்த கணினிகளில் தேதி தப்பியவைதான் அதிகம்.

அடுத்தது இடம். சி டிரைவில் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பாருங்கள். "நான் டி டிரைவில்தானே இன்ஸ்டால் செய்கிறேன், அதில் நூறு ஜிபி இருக்கிறதே" என்று கேட்பார்கள். செட்அப் ஃபைல் முதலில் தன்னைத் தானே பிரித்து விரிப்பது சி டிரைவில் உள்ள டெம்ப் ஃபோல்டரில்தான் (தற்காலிக ஃபைல்களுக்கான இடம்), அங்கே இடம் இல்லை என்றால் நீங்கள் எந்த டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும் நின்றுவிடும். குறைந்தது சாஃப்ட்வேர் கேட்கும் அளவைப்போல இரண்டு மடங்காவது சி டிரைவில் காலியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கணக்கு. இடம் எடுக்க, ஸ்டார்ட்டில் டிஸ்க் கிளீனப் என்று தேடித் திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்துங்கள். பழைய விண்டோஸ் மிச்சம் ஏதாவது கிடந்தால் அதில் மட்டுமே பல ஜிபி கிடைக்கும். பட்டியலில் டவுன்லோட்ஸ் என்று ஒரு வரி இருந்தால் அதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் ஃபைல்கள் அதில்தான் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கிறது, சில கணினிகளில் பத்து இருபது ஜிபி வரைக்கும் பெருத்திருக்கும். இடம் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை அழித்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒரு சாஃப்ட்வேரை அப்டேட் செய்யவோ அன்இன்ஸ்டால் செய்யவோ போனால் 1612 என்றும் 1714 என்றும் எரர் வந்து, பழையதையும் நீக்க முடியாமல் புதியதையும் போட முடியாமல் நிற்பீர்கள், ஏனென்றால் நீக்குவதற்கும் சரிசெய்வதற்கும் தேவையான மூலப் பிரதி அந்த ஃபோல்டரில்தான் இருந்தது. டெம்ப் ஃபோல்டரில் இருப்பதை அழிக்கலாம், இதைத் தொடவே கூடாது.

இனி செட்அப் ஃபைல். நம் ஊரில் பாதிப் பேர் டவுன்லோட் செய்வது போன் ஹாட்ஸ்பாட்டில், அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் விழுந்து, பாதியில் அறுந்து, மறுபடி தொடர்ந்து, கடைசியில் ஃபைல் வந்துவிட்ட மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே கொஞ்சம் காணாமல் போயிருக்கும். என்எஸ்ஐஎஸ் எரர் என்றோ, இன்டெகிரிட்டி செக் தோல்வி என்றோ வந்தால் சந்தேகமே வேண்டாம், ஃபைல் முழுதாக வரவில்லை. பழையதை அழித்துவிட்டு, முடிந்தால் வேறொரு இணைப்பில் மறுபடி இறக்குங்கள். முழுதாக வந்ததா என்று உறுதியாகத் தெரிய ஒரு வழி இருக்கிறது. நல்ல நிறுவனங்கள் டவுன்லோட் பக்கத்திலேயே எஸ்ஹெச்ஏ 256 என்று ஒரு நீண்ட எழுத்து வரிசை கொடுத்திருப்பார்கள். உங்களிடம் செவன் ஜிப் இருந்தால் ஃபைலை ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்ற மெனுவில் எஸ்ஹெச்ஏ 256ஐத் தேர்ந்தெடுங்கள், அது காட்டும் வரிசையும் நிறுவனம் கொடுத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபைல் வேண்டாம்.

ஜிப் ஃபைலுக்குள்ளேயே செட்அப்பை டபுள் கிளிக் செய்வது இன்னொரு தவறு, நாளுக்கு ஒன்றாவது இப்படி வருகிறது. ஜிப்பைத் திறந்து பார்க்கும்போது எல்லா ஃபைலும் இருக்கிற மாதிரி தெரிந்தாலும், அங்கிருந்து ஓட்டினால் அந்த ஒன்று மட்டும்தான் வெளியே வந்து ஓடும், தனக்குத் துணையான மற்ற ஃபைல்களைக் காணாமல் ஏதோ ஒன்று இல்லை என்று புலம்பும். முதலில் ரைட் கிளிக் செய்து முழுவதையும் எக்ஸ்ட்ராக்ட் செய்துவிட்டு, வெளியே வந்த ஃபோல்டரில் இருந்து ஓட்டுங்கள். பென்டிரைவிலிருந்தும் நேராக ஓட்டாதீர்கள், டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்து ஓட்டுங்கள். அதிலும் பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்த பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ், அந்த ஷார்ட்கட்டைத் திறக்காமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

இப்போது தமிழர்களுக்கே உரிய ஒரு பிரச்சினை. விண்டோஸ் முதன்முதலில் போடும்போது யூசர் பெயர் கேட்கும், ஆசையாகத் தமிழில் கொடுத்திருப்போம். அந்தப் பெயரிலேயே சி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாகும், டெம்ப் ஃபோல்டரும் அதற்குள்தான் இருக்கும். பழைய முறையில் எழுதப்பட்ட செட்அப் புரோகிராம்கள் அந்தத் தமிழ் எழுத்துகளைப் படிக்கத் தெரியாமல் கேள்விக்குறிகளாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு பாதையே இல்லை என்று நின்றுவிடும். வந்த எரரில் பாதைக்கு நடுவே கேள்விக்குறிகளோ கட்டங்களோ தெரிந்தால் இதுதான் காரணம். கன்ட்ரோல் பேனலில் போய்ப் பெயரை மாற்றினால் திரையில் காட்டும் பெயர்தான் மாறும், ஃபோல்டரின் பெயர் மாறாது, பல பேர் இதில் ஏமாந்து அரை நாளைத் தொலைக்கிறார்கள். ஃபோல்டரைக் கையால் பெயர் மாற்றவும் போகாதீர்கள், உள்ளே நுழையவே முடியாமல் போகலாம். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாத ஒரு பெயரில், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு புதிதாக ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்குங்கள். அதில் நுழைந்து இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய அக்கவுன்ட்டில் உள்ள ஃபைல்களைப் பிறகு நிதானமாக நகல் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தமிழில் பெயர் வைப்பதுதான் பிடிக்கும், புதிதாக எழுதப்படும் சாஃப்ட்வேர்களில் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிட்டது, ஆனால் கணக்கு வேலைக்கும் அச்சு வேலைக்கும் பழைய சாஃப்ட்வேரை நம்பியிருப்பவர்கள் இப்போதைக்கு ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் தட்டச்சு செய்யத் தனி சாஃப்ட்வேர் போடப் போய் எரர் வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். வெறும் யூனிகோடில் அடிக்கத்தான் என்றால் அந்த இன்ஸ்டாலே தேவையில்லை. விண்டோஸ் 10ன் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ் ஒலிப்பு முறை விசைப்பலகை உள்ளேயே வருகிறது, செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்து 32 பிட், 64 பிட். விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் இந்த இரண்டு வகையில் வருகின்றன. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற பகுதியில் உங்கள் கணினி எது என்று எழுதியிருக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் சாஃப்ட்வேர் ஓடும், தலைகீழாக ஓடாது. பழைய சிறு மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருக்கும், அது 32 பிட்டில் மட்டுமே வந்த பதிப்பு. பழைய விண்டோஸ் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14லும், 8.1க்கு 2023 ஜனவரி 10லும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14லும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7ல் குரோம் 109தான் கடைசி, அதற்கு மேல் எத்தனை தடவை முயன்றாலும் ஏறாது. அப்படிப்பட்ட கணினியில் புதிய சாஃப்ட்வேர் ஏறவில்லை என்றால் கணினி மேல் குற்றம் இல்லை, உங்கள் மேலும் இல்லை, அந்த விண்டோஸுக்குப் பொருந்திய கடைசிப் பதிப்பு எது என்று தேடி, அதை நிறுவனத்தின் சொந்த தளத்திலிருந்து எடுங்கள்.

கும்பகோணம் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சக நண்பர்களுக்கு இது நேர்மாறாக வரும். சாஃப்ட்வேர் பழையது, கணினி புதியது. இருபது வருடத்துக்கு முந்திய சிடியில் உள்ள செட்அப் சில 16 பிட்டில் எழுதப்பட்டவை, 64 பிட் விண்டோஸில் அவை எந்த வழியிலும் ஓடாது, விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். செட்அப் 32 பிட்டாக இருந்தால் வாய்ப்பு உண்டு: ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் கம்பாட்டிபிலிட்டி, பழைய விண்டோஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டும் டிக்கையும் போட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் பழைய கணினி ஒன்றை இணையத்தில் இணைக்காமல் அந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்வதுதான் நல்லது. நான் மூன்று அச்சகங்களுக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் (பல சாஃப்ட்வேர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணை ஃபைல்) இல்லை என்று வருவது தனி வகை. விசி ரன்டைம் 140 என்றோ எம்எஸ்விசிபி 140 என்றோ பெயர் இருந்தால், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு உங்களிடம் இல்லை என்று பொருள். 2015 முதல் 2022 வரைக்கும் சேர்த்து ஒரே தொகுப்புதான், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். உங்களுடையது 64 பிட் கணினியாக இருந்தாலும் 32 பிட் தொகுப்பையும் சேர்த்து, இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் தேவைப்படுவது சாஃப்ட்வேரின் பிட்டைப் பொறுத்தது. அந்த டிஎல்எல் ஃபைலை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் தேடலில் முதலில் வரும், அங்கே போகவே போகாதீர்கள், எந்தப் பதிப்பு, யார் மாற்றியது, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. டாட் நெட் 3.5 (சில சாஃப்ட்வேர்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் தொகுப்பு) வேண்டும் என்று வந்தால் அது விண்டோஸ் 10ல் உள்ள விருப்ப அம்சம், கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டிக் போட்டால் இணையத்திலிருந்து இறங்கும். இறங்க மறுத்தால் உங்கள் ஹாட்ஸ்பாட் இணைப்பு மீட்டர்டு (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, விண்டோஸ் அப்டேட்டை யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், டேட்டா மிச்சம் பிடிக்க அப்டேட்டை நிறுத்தியவர்கள் நம்மிடையே நிறைய.

நீல நிறத் திரை வந்து விண்டோஸ் உங்கள் கணினியைக் காப்பாற்றியது என்று சொன்னால், அது ஸ்மார்ட்ஸ்கிரீன், விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு வசதி. அதிகம் பேர் டவுன்லோட் செய்யாத ஃபைல் எதுவானாலும் அப்படிச் சொல்லும். நிறுவனத்தின் சொந்த தளத்திலிருந்து நீங்களே இறக்கியது என்றால் மோர் இன்ஃபோ அழுத்தி ஓட்டலாம், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். புது மடிக்கணினி வாங்கி ஸ்டோரைத் தவிர வேறு எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை என்றால் அது எஸ் மோடில் இருக்கலாம், ஸ்டோரிலேயே இலவசமாக வெளியே வந்துவிடலாம், ஆனால் வந்த பிறகு திரும்பிப் போக முடியாது.

கிராக் பற்றிப் பேசியே ஆக வேண்டும், அதாவது காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காக உரிமப் பூட்டை உடைத்த சாஃப்ட்வேர். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்" என்று எழுதி வைத்து ஒரு சாஃப்ட்வேர் வந்தால், வீட்டுக்காரன் கண்ணை மூடிக்கொள் என்று திருடன் சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. எனக்குத் தெரிந்த அரிசி ஆலை ஒன்றில் டிசைன் சாஃப்ட்வேருக்குக் கிராக் போட்டார்கள், மூன்றாம் நாள் எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டது, பணம் கேட்டு ஒரு திரை. நெல் வரவுக் கணக்கு, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், எதுவும் மிஞ்சவில்லை, அந்தப் போகம் முழுவதும் சீட்டுகளைத் தேடித் தேடித் திரும்ப எழுதினார்கள். பணம் இல்லை என்பது உண்மையான கஷ்டம்தான், அதற்குத்தான் லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் எல்லாம் இலவசமாக இருக்கின்றன, கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும், நான் வேண்டுமானாலும் சொல்லித் தருகிறேன்.

பழைய பதிப்பின் மிச்சம் தடுப்பது உண்டு. முதலில் முறையாக அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், பிறகு புதியது. அன்இன்ஸ்டாலே ஆகவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் புரோகிராம் இன்ஸ்டால் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டர் என்று ஒரு சிறு கருவி கிடைக்கும், பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பதிவுகளைச் சுத்தம் செய்துவிடும். விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் பதிந்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கையால் அழிக்க வேண்டாம். 2502, 2503 என்று வந்தால் அது டெம்ப் ஃபோல்டர் உரிமைச் சிக்கல், கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரை) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதற்குள்ளிருந்து செட்அப்பை ஓட்டினால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

கரண்டு விஷயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்தடை அறிவிக்கும் நாளில் பெரிய சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். பாதியில் அணைந்தால் இன்ஸ்டாலர் பின்வாங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர நேரம் இல்லாமல் அரைகுறையாகக் கிடக்கும், மறுபடி போடும்போது ஏற்கெனவே இருக்கிறது என்றும் சொல்லும், ஓட்டினால் இல்லை என்றும் சொல்லும். மடிக்கணினி என்றால் சார்ஜர் செருகி, மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இருக்கிற நேரமாகப் பாருங்கள். அதே மாதிரி இ-சேவை மையம் நடத்துபவர்கள் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும் நவம்பர் வாரங்களில் கைரேகைக் கருவியின் டிரைவரையோ பிரின்டர் டிரைவரையோ புதுப்பிக்கப் போகாதீர்கள், வாசலில் வரிசை நிற்கும்போது அதில் ஒன்று மக்கர் செய்தால் நனைந்த சிட்டாவோடு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டிவரும். இந்தக் கருவிகளைப் பொறுத்தவரை, செட்அப் சொல்வதற்கு முன்னால் யுஎஸ்பி கேபிளைச் செருகாதீர்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

மேலே சொன்ன எதுவும் இல்லை, எல்லா சாஃப்ட்வேரும் ஒரே மாதிரி நிற்கிறது என்றால் விண்டோஸின் சொந்த ஃபைல்களே கெட்டிருக்கலாம். போனில் சொல்வது மாதிரியே சொல்கிறேன்: கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள், ஆங்கிலத்தில் எஸ், எஃப், சி மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, கேள்விக்குறி கீயில் இருக்கும் சாய்ந்த கோடு, அதை ஒட்டினாற்போல் ஸ்கேன்நவ் என்று ஒரே சொல், என்டர். அரை மணி நேரம் கூட ஆகலாம், நடுவில் மூடாதீர்கள். சரிசெய்ய முடியாத ஃபைல்கள் இருக்கின்றன என்று அது சொன்னால் மட்டும் அடுத்த கட்டமாக டிஐஎஸ்எம் என்ற கருவி, அதற்கு இணையம் வேண்டும், கட்டளை நீளமானது, ஒரு எழுத்தும் தவறாமல் மைக்ரோசாஃப்ட் உதவிப் பக்கத்திலிருந்து நகல் எடுத்துப் போடுங்கள். அது முடிந்ததும் முதல் கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும்.

சைக்ளிக் ரிடன்டன்சி செக் என்ற சொற்கள் எரரில் வந்தால் மற்றதையெல்லாம் நிறுத்துங்கள். ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ ஒரு பகுதியைப் படிக்கவே முடியவில்லை என்பது அது. செட்அப் பென்டிரைவில் இருந்தால் வேறு பென்டிரைவில் பாருங்கள், கணினிக்குள்ளேயே இருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. சாகும் டிஸ்க்கை ஃபார்மெட் செய்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, அது டிஸ்க்கையும் குணப்படுத்தாது, உள்ளே இருப்பதையும் விட்டு வைக்காது. அந்த நிமிடமே படம், கணக்கு, பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் வெளியே நகல் எடுத்துவிட்டு, புது டிஸ்க் வாங்கி அதில் விண்டோஸ் போடுங்கள்.

சரி, 1603க்கு வருவோம். எம்எஸ்ஐ என்று முடியும் செட்அப் ஃபைலாக இருந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலரிடம் லாக் எழுதச் சொல்லலாம். எம்எஸ்ஐ எக்செக் என்ற கட்டளையோடு ஃபைலின் பெயரும் லாக் எழுத வேண்டிய இடமும் கொடுத்தால், என்னென்ன செய்தது என்று வரிவரியாக எழுதி வைக்கும், ஆயிரக்கணக்கான வரி வரும், முழுவதும் படிக்க வேண்டாம். நோட்பேடில் திறந்து ரிட்டர்ன் வேல்யூ 3 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அது அகப்படும் இடத்துக்கு மேலே உள்ள பத்து இருபது வரியில்தான் உண்மையான காரணம் எழுதியிருக்கும்: இந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை, இந்த ஃபைலை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது, இந்த சர்வீஸ் தொடங்கவில்லை, இப்படி ஏதாவது. முதலில் அகப்படுவதையே பாருங்கள், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அதன் தொடர்ச்சிதான். முதன்முறை இதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், இத்தனை நாள் கணினி காரணத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, நாம்தான் கேட்கும் இடம் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, உபுன்டுவிலோ பாஸ் லினக்ஸிலோ லாக் (இது மேலே சொன்ன பதிவு இல்லை, பூட்டு) கிடைக்கவில்லை என்று வந்தால் அது 1618க்கு அண்ணன் தம்பி, வேறொரு அப்டேட் ஓடுகிறது, முடியட்டும். அந்தப் பூட்டு ஃபைலை அழித்துவிடு என்று இணையத்தில் சொல்வார்கள், வேண்டாம், பாதி வேலையில் தகவல் தொகுப்பே குலைந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தும் முடியவில்லை என்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள், கேட்கும்போது நான்கு விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: எரரின் படம், விண்டோஸ் எந்தப் பதிப்பு எத்தனை பிட், சி டிரைவில் எவ்வளவு காலி, செட்அப் ஃபைலை எங்கிருந்து எடுத்தீர்கள். விண்டோஸ் பதிப்பு தெரிய விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி வின்வெர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும். அவர் "ஃபார்மெட் போட்டுவிடலாம்" என்று ஆரம்பித்தால், எந்த எரருக்காக என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்து அது தேவைதான் என்று உங்களுக்கும் பட்டால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள், கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர், இந்த ஐந்தும் வெளி டிஸ்க்கில் வந்துவிட்டதா என்று உங்கள் கண்ணால், அதுவும் வேறொரு கணினியில் செருகித் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் கணினியைக் கொடுங்கள்.